ஒஸ்லோவின் ஒரு நாளும் வாகரையின் எதிர்பார்ப்பும்

நோர்வே என்னும் பெயர் வாகரைப் பிரதேச மக்களுக்குப் புதியதன்று. 2002 பெப்ரவரி 22ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட போர்நிறுத்த உடன்படிக்கையைக் கண்காணிப்பதற்கென நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் இந்நாட்டுக்கு வந்திருந்தனர். மட்டக்களப்பிலும் அவர்களுக்கு அலுவலகம் இருந்தது. 2006 நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்தபோது அவ்விடத்துக்குச் சென்று பார்வையிட்டவர்களும் அக்கண்காணிப்பாளர்களே. 2008 ஜனவரியில் உடன்படிக்கை முடிவுக்கு வந்ததோடு அவர்களும் சென்றுவிட்டனர். ஆயினும் அந்நாடுகளுக்கும் எமது மக்களுக்கும் இடையிலான தொடர்பு அத்துடன் அற்றுப்போகவில்லை. எமது உறவினர் பலர் இன்று அங்கே குடும்பமாக வாழ்கின்றனர்.

அவர்கள் அனுப்பும் பணத்தையும் புகைப்படங்களையும் நாம் அறிவோம். கோயில் திருப்பணிக்கும் தங்கையின் திருமணத்துக்கும் அவர்களிடம் உதவி கேட்கிறோம். ஆனால் ஒஸ்லோ போன்றதொரு நகரில் ஒரு குடும்பத்தின் சாதாரண நாள் எவ்வாறு கழிகிறது என்பதை நாம் பெரும்பாலும் அறிவதில்லை. அந்த அறியாமையே இரு தரப்புக்கும் இடையில் மனத்தாங்கல்கள் பலவற்றுக்குக் காரணமாகிறது. அதைவிட முக்கியமாக, ஒரு குடும்பத்தைத் தாங்குவதற்கு ஒரு நாடு என்னென்ன செய்ய முடியும் என்பதை அறிந்துகொள்ளும் வாய்ப்பையும் அது எமக்கு இல்லாமற் செய்கிறது.

சென்றவர்கள்

நோர்வேக்குச் சென்ற முதல் இலங்கைத் தமிழர் என அறியப்படுபவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம். 1956இல் அங்கு சென்ற அவர், பின்னர் நோர்வே மக்களின் உதவியுடன் யாழ்ப்பாணத்தில் ‘சீ-நோர்’ என்னும் மீன்பிடி அபிவிருத்தித் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். அதனைத் தொடர்ந்து மாணவர்களாகச் சிலர் சென்றனர். 1983 ஜூலை வன்செயல்களின் பின்னரே தமிழர்கள் பெருமளவில் அங்கு செல்லத் தொடங்கினர். அவர்களுட் பலருக்கு முதலில் கிடைத்த வேலை நோர்வேயின் வட கோடியிலுள்ள பின்மார்க் மாகாணத்து மீன் பதனிடும் தொழிற்சாலைகளிலாகும். வெப்பவலயக் கடற்கரைகளில் வளர்ந்தவர்கள், குளிர்காலத்தில் சூரியனே எழாத ஊர்களில் மீன் வெட்டினர். பிள்ளைகளின் கல்வியைக் கருதியும் வேலைவாய்ப்பைக் கருதியும் பின்னர் அவர்கள் தெற்கே ஒஸ்லோவுக்கும் ஏனைய நகரங்களுக்கும் இடம்பெயர்ந்தனர். இவர்களுட் பெரும்பாலோர் வட மாகாணத்தவர் என்றாலும், மட்டக்களப்பு, திருகோணமலை மாவட்டங்களிலிருந்து சென்ற குடும்பங்களும் உள்ளன.

குடும்பமாக வாழும் உரிமை அந்நாடுகளில் எளிதாகக் கிடைத்துவிடவில்லை என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. 1987இல் டென்மார்க்கின் நீதியமைச்சராயிருந்த எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகள் தமது மனைவி மக்களை அழைப்பதற்குச் செய்திருந்த விண்ணப்பங்களை, சட்டம் இடங்கொடுத்த போதிலும், கிடப்பிற் போடுமாறு அதிகாரிகளைப் பணித்தார். இது வெளிப்பட்டுப் பெரும் அரசியற் சர்ச்சையாக மாறியது. 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஸ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் விசேட நீதிமன்றம் முன்னாள் நீதியமைச்சருக்கு ஒத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. டென்மார்க்கின் வரலாற்றில் இது ‘தமிழர் வழக்கு’ என்றே அழைக்கப்படுகிறது. போரில் சிக்குண்டிருந்த மனைவியரும் பிள்ளைகளும் தம் குடும்பத் தலைவரிடம் சென்று சேர்வதை ஓர் அமைச்சர் தாமதப்படுத்தியமை ஓர் அரசையே வீழ்த்தியது.

ஒரு நாளின் ஒழுங்கு

ஒஸ்லோ நகரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 60 பாகையளவில் அமைந்துள்ளது. வாகரையோ 8 பாகையளவில் உள்ளது. டிசம்பர் மாதக் கடைசியில் ஒஸ்லோவில் காலை ஒன்பது மணி கடந்த பின்னரே சூரியன் உதிக்கும். பிற்பகல் மூன்று மணியளவில் மறைந்துவிடும். எனவே குளிர்காலத்தில் பெற்றோர் இருளில் வீட்டை விட்டுப் புறப்பட்டு இருளிலேயே வீடு திரும்புகின்றனர்.

தாய், தந்தை இருவரும் வேலைக்குச் செல்வதே அங்கு வழமை. ஒருவருடைய சம்பளத்தில் வீட்டுக்கடனையும் அன்றாடச் செலவையும் சமாளிப்பது பெருநகரில் மிகவும் கடினம். காலையில் பிள்ளைகளுக்குக் கம்பளி உடை, அதன்மேல் பனிக்கால உடை, காலணி, கையுறை, தொப்பி என ஒவ்வொன்றாக அணிவித்து, பாணும் பாற்கட்டியும் அடங்கிய மதிய உணவுப் பெட்டியைப் பையில் வைத்து, சிறுவர் பராமரிப்பு நிலையத்திலோ பாடசாலையிலோ விட்டுவிட்டு, எட்டு மணியளவில் வேலைத்தலத்தில் நிற்க வேண்டும். மதியத்தில் சூடான சோறு என்பது அங்கே இல்லை. பெரியவரும் சிறியவரும் குளிர்ந்த பாணையே உண்கின்றனர். கைக்குழந்தைகளைக் குளிர்காலத்திலும் தள்ளுவண்டியிற் கிடத்தி வெளியே உறங்கவிடும் வழக்கத்தைக் கண்டு எமது தாய்மார் முதலில் திகைத்துப் போவதுண்டு.

பராமரிப்பு நிலையங்கள் பெரும்பாலும் மாலை நான்கரை மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் மூடப்படுகின்றன. அதற்குள் அங்கு சென்று சேர்ந்துவிட வேண்டும். பிந்திவிட்டால் பிள்ளையை அழைத்து வருவதற்கு அயல்வீட்டு மாமியோ அப்பம்மாவோ இல்லை. வீடு சேர்ந்ததும் சமையல், வீட்டுப்பாடம், குளிப்பாட்டல் ஆகியன முடிந்து எட்டு மணியளவில் சிறுபிள்ளைகள் உறங்கச் செல்கின்றனர்.

இங்கு ஒரு சிறிய கணக்கு பயனுடையது. குளிர்காலத்தில் இலங்கை நேரம் நோர்வே நேரத்தைவிட நான்கரை மணித்தியாலங்கள் முந்தியது. கோடையில் மூன்றரை மணித்தியாலங்கள். வாகரையில் இரவு உணவை முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்கு நாம் ஆறுதலாகத் தொலைபேசி எடுக்கும்போது, அங்கே மாலை நான்கரை மணி. வேலையிலிருந்து ஓடி, பேருந்தைப் பிடித்து, பிள்ளையை அழைக்கச் செல்லும் நேரம் அதுவே. தொலைபேசி எடுக்கப்படாமற் போனால் “அவனுக்கு எங்கள் நினைவு இல்லை” என்று இங்கு மனம் நோகிறார்கள். பல வீடுகளில் உறவு கசந்தமைக்கு இந்த நேர வேறுபாடும் ஒரு காரணம் எனலாம்.

சட்டம் ஒதுக்கிய காலம்

இவ்வளவு நெருக்கடிக்குள்ளும் அங்கே குடும்பங்கள் குலையாமல் நிற்பதற்குக் காரணம், பிள்ளை வளர்ப்புக்கு வேண்டிய காலத்தை அரசு சட்டத்தின் மூலம் ஒதுக்கிக் கொடுத்திருப்பதாகும். குழந்தை பிறந்தால், உரிய காலம் தொழில் புரிந்திருந்த பெற்றோருக்கு முழுச் சம்பள அடிப்படையில் 49 வாரங்கள் விடுமுறைக் கொடுப்பனவு கிடைக்கிறது. குறைந்த வீதத்தில் பெற விரும்பினால் அக்காலம் மேலும் நீளும். முழுச் சம்பளத்துடனான அந்த 49 வாரங்களில் 15 வாரங்கள் தந்தைக்கு மட்டுமே உரியவை. அவர் எடுக்கத் தவறினால், விதிவிலக்குகள் தவிர, அவை இழக்கப்படும். தந்தைக்கென இவ்வாறு தனியே காலம் ஒதுக்கிய முதல் நாடு நோர்வேயாகும். 1993இல் நான்கு வாரங்களாகத் தொடங்கிய ஏற்பாடு அது.

2009 முதல் ஒரு வயது நிரம்பிய பிள்ளைக்குப் பராமரிப்பு நிலையத்தில் இடம்பெறும் சட்டரீதியான உரிமை வழங்கப்பட்டுள்ளது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளை நோயுற்றால், பெற்றோரில் ஒவ்வொருவருக்கும் ஆண்டொன்றுக்குக் குறைந்தது 10 நாட்கள் சம்பளத்துடன் வீட்டில் நிற்கலாம். பிள்ளைகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 1946 முதல் நடைமுறையில் உள்ளது. இவை யாவும் மக்கள் செலுத்தும் உயர்ந்த வரியிலிருந்தே நிறைவேற்றப்படுகின்றன. எனவே உறவினர் ஒருவரின் சம்பளத்தை இலங்கை ரூபாவில் பெருக்கிப் பார்த்து வியப்பவர்கள், அதில் வரியும் வீட்டுக்கடனும் போனபின் கையில் எஞ்சுவது எவ்வளவு என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அங்கு செல்வத்தைவிடக் காலமே குடும்பத்துக்குக் கிடைக்கும் பெரிய கொடை. ஊரின் எதிர்பார்ப்புகளை நிறைவேற்றுவதற்காகத் தந்தை இரண்டாவது வேலைக்குச் செல்லும்போது, சட்டம் பிள்ளைக்கென ஒதுக்கிய காலமே செலவாகிறது.

தாய் வேலைக்குச் செல்லத் தந்தை குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துப் பூங்காவில் உலாவுவதைப் பார்த்து எமது முதியவர்கள் கேலி செய்ததுண்டு. ஆனால் அவ்வாறு வளர்ந்த பிள்ளைக்கும் தந்தைக்கும் இடையிலான நெருக்கத்தை எமது தந்தையர் பலர் அறிந்திலர் என்பதை மறுப்பதற்கில்லை.

அரசு வீட்டுக்குள் வரும்போது

இவ்வேற்பாடுகளுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. பிள்ளை வளர்ப்பில் உதவும் அரசு, பிள்ளையின் உரிமைகளையும் கண்காணிக்கிறது. பிள்ளைகளைப் பெற்றோர் அடிப்பதை உலகில் முதன்முதலாகச் சட்டத்தால் தடைசெய்த நாடு சுவீடன், ஆண்டு 1979. நோர்வே 1987இல் அவ்வாறு செய்தது. பிள்ளைகளின் நலனுக்கென ஒரு குறைகேள் அதிகாரியை 1981இல் நியமித்து அதிலும் நோர்வே உலகுக்கு முன்னோடியாயிற்று. “அடியாத மாடு படியாது” என்னும் பழமொழியோடு வளர்ந்த எமது பெற்றோருக்கு இது பேரதிர்ச்சியாக இருந்தது. வீட்டில் அடிவாங்கியதாகப் பிள்ளை பாடசாலையிற் கூறினால், சிறுவர் நலன்காப்புச் சேவைக்கு அறிவிக்க வேண்டிய கடமை ஆசிரியருக்கு எழக்கூடும்.

இச்சேவை பெரும்பாலான குடும்பங்களுக்கு ஆலோசனை வழங்கி உதவுகிறது. எனினும் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் அதிகாரத்துக்கும் அது வழிகோலுவதால் குடிவந்தோர் மத்தியில் அச்சம் நிலவுகிறது. 2011இல் ஸ்தவாங்கர் நகரில் வசித்த ஓர் இந்தியத் தம்பதியரின் இரு குழந்தைகள் இவ்வாறு பிரிக்கப்பட்டனர். கையால் ஊட்டியதும் பெற்றோரின் படுக்கையில் உறங்கவைத்ததும் குற்றமாகக் கருதப்பட்டதாகப் பெற்றோர் கூறினர். அதிகாரிகளோ கலாசார வேறுபாடு காரணமன்று என்றனர். இரகசியம் பேணும் சட்டத்தைக் காட்டி விபரங்களை வெளியிடவில்லை. இந்திய அரசின் தலையீட்டின் பின் 2012இல் அக்குழந்தைகள் இந்தியாவிலுள்ள உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

முஸ்லிம் வாசகர்கள் கவனத்திற் கொள்ளத்தக்க வழக்கொன்றும் உண்டு. சோமாலியாவிலிருந்து சென்ற இளம் முஸ்லிம் தாய் ஒருவரின் குழந்தை கிறிஸ்தவக் குடும்பமொன்றிடம் வளர்ப்புக்கு ஒப்படைக்கப்பட்டு, பின்னர் தத்துக்கொடுக்கவும் அனுமதிக்கப்பட்டது. தன்னிடம் மீள ஒப்படைக்க இயலாதெனினும், பிள்ளை தன் சமய, கலாசார வேரை இழக்கக்கூடாது என அத்தாய் வாதாடினார். 2021 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேராயம், அத்தாயின் குடும்ப வாழ்வுக்கான உரிமையை நோர்வே மீறியதாக ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. 2019இலும் மற்றொரு தாயின் வழக்கில் அந்நீதிமன்றம் நோர்வேக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தது. ஆகவே அந்நாட்டின் முறைமை குறைபாடற்றது எனக் கொள்ளலாகாது. அதேவேளை, குறைபாட்டை எதிர்த்து ஓர் ஏழைத் தாயும் உயர்ந்த நீதிமன்றம்வரை செல்ல முடிந்தது என்பதையும் கவனித்தல் வேண்டும். பிள்ளையை அடித்துத்தான் வளர்க்க வேண்டும் என்பதற்கும் இத்தீர்ப்புகள் எவ்வித ஆதரவும் தரவில்லை.

மொழியும் சமயமும்

பிள்ளை ஒரு வயதிலிருந்தே நாளின் பெரும்பகுதியை நோர்வேஜிய மொழியில் கழிக்கிறது. எனவே தமிழைப் பேணுவது பெற்றோர் திட்டமிட்டுச் செய்யவேண்டிய பணியாகிறது. வார இறுதியில் தமிழ்ப் பாடசாலைகள் நடைபெறுகின்றன. மட்டக்களப்பு மாமாங்கத்தில் 1988இல் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த பூபதியம்மாவின் பெயரில் நோர்வேயில் இயங்கும் கலைக்கூடம் அவற்றுட் பெரியது. வாரம் முழுதும் உழைத்த பெற்றோர் தமது ஓய்வு நாளையும் இதற்கு அளிக்கின்றனர். இவ்வாறு இரு மொழிகளில் வளர்ந்த தலைமுறை அந்நாட்டின் பொதுவாழ்விலும் இடம்பிடித்துள்ளது. மூன்று வயதில் நோர்வேக்குச் சென்ற கம்ஷாஜினி குணரட்னம் 2015இல் ஒஸ்லோவின் பிரதி மேயரானார். 2021இல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார்.

சமய வாழ்வு அங்கு தனிச் சிக்கல்களைக் கொண்டது. ஒஸ்லோவிலுள்ள முஸ்லிம்களுள் பாகிஸ்தான், சோமாலியா, ஈராக் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் அதிகம். 2015, 2016ஆம் ஆண்டுகளில் ரமழான் ஜூன் மாதத்தில் வந்தபோது, ஏறத்தாழ இருபது மணித்தியாலம் நோன்பிருக்க நேர்ந்தது. வடக்கே துரொம்ஸோ நகரில் கோடையில் இரண்டு மாதமளவு சூரியன் மறைவதேயில்லை. ஆகையால் அங்குள்ள முஸ்லிம்களுட் பலர் மக்கா நகரின் நேரத்தைப் பின்பற்றுகின்றனர். பெருநாளும் தைப்பொங்கலும் அங்கு பொது விடுமுறை நாட்களல்ல. ஆயினும் கிறிஸ்தவரல்லாதோர் தமது சமயப் பண்டிகைக்காக ஆண்டில் இரண்டு நாட்கள் விடுப்புப் பெறும் உரிமையைச் சட்டம் வழங்கியுள்ளது. பள்ளிவாசல்களும் கோயில்களும் உறுப்பினர் தொகைக்கேற்ப அரசின் நிதியுதவியையும் பெறமுடியும்.

வளைகுடாவும் வடதுருவமும்

இக்கட்டத்தில் எமது பிரதேசத்தின் மற்றொரு புலப்பெயர்வை எண்ணாமலிருக்க முடியாது. வாகரை, வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பகுதிகளிலிருந்து தமிழ், முஸ்லிம் தாய்மார் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்கின்றனர். ஆழிப்பேரலையும் போரும் அடுத்தடுத்துத் தாக்கிய இக்கரையோரத்தில் அது பல குடும்பங்களுக்கு எஞ்சிய ஒரே வழியாயிற்று. ஒஸ்லோவுக்குச் சென்றவர் தமது குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடிந்தது. குவைத்துக்கும் ரியாத்துக்கும் பணிப்பெண்ணாகச் சென்ற உம்மாவுக்கும் அம்மாவுக்கும் அந்த வாய்ப்பு இல்லை. வேறொருவரின் பிள்ளையைக் குளிப்பாட்டி உணவூட்டும் தாயின் சொந்தப் பிள்ளை, இங்கே அம்மம்மாவின் அல்லது மூத்த பெண்பிள்ளையின் பொறுப்பில் வளர்கிறது.

2013இல் இலங்கை அரசு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வெளிநாட்டுப் பணிப்பெண்களாகச் செல்வதைக் கட்டுப்படுத்தியது. பொருளாதார நெருக்கடியின் போது 2022இல் அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. இரு சந்தர்ப்பங்களிலும் தாயைத் தடுப்பதா விடுவதா என்பதே கேள்வியாயிருந்தது. அவள் ஊரிலிருந்தே உழைக்கவும் பிள்ளையை வளர்க்கவும் என்ன ஏற்பாடு செய்யலாம் என்னும் கேள்வி பின்தள்ளப்பட்டது. எமது நாட்டில் தொழில்புரியும் தாய்க்குச் சட்டம் வழங்கும் பிரசவ விடுமுறை 84 நாட்கள். அரசதுறைத் தந்தைக்கு மூன்று நாட்கள். நாட்கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கும், களப்பில் இறால் பிடிக்கும் குடும்பத்துக்கும், அதுவும் எட்டாக்கனி.

நோர்வேயின் எண்ணெய் வளம் எம்மிடம் இல்லை என்று கூறி இதனைத் தட்டிக்கழிப்போர் உளர். ஆனால் பிள்ளைகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவை அந்நாடு தொடங்கியது 1946இல். உலகப் போரிலிருந்து மீண்ட மறு ஆண்டில். வடகடலில் பெரும் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது 1969இலாகும். எல்லாவற்றையும் செல்வம் வந்தபின் செய்வோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இரு கரைகளும் செய்யக்கூடியவை

ஊரிலுள்ளோர் தமது உறவினரின் நாளை அறிந்து நடப்பது முதற்படி. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அழைத்தால் பேரப்பிள்ளையும் அருகில் இருக்கும். பணத்தேவையைக் கூறுவதற்கு முன் பிள்ளையின் படிப்பையும் உடல்நலத்தையும் விசாரித்தால், அப்பிள்ளை தமிழில் பதில் சொல்லப் பழகும். அங்குள்ள வாழ்வைப் பெருஞ்செல்வமெனக் கருதிச் சீதனத்தையும் நன்கொடையையும் அளவுகடந்து எதிர்பார்ப்பது, அக்குழந்தையிடமிருந்து தந்தையைப் பறிப்பதாகும்.

அங்குள்ளோர் தமது இன்னலை மறைத்துப் பகட்டை மட்டும் படம்பிடித்து அனுப்புவதைத் தவிர்க்க வேண்டும். வட நோர்வேத் தொழிற்சாலைகளில் குளிரில் நின்ற கதையையும் ஊரார் அறியட்டும். அறிந்தால், புறப்படத் துடிக்கும் இளைஞர் முகவர்களின் பசப்புரைகளை நம்பிக் காணியை ஈடுவைக்குமுன் ஒருமுறை சிந்திப்பர்.

மூன்றாவதாக, புலம்பெயர்ந்தோரின் நன்கொடைகள் கோபுரங்களுக்கும் மண்டபங்களுக்கும் மட்டும் செல்லாமல், கடற்றொழிலுக்கும் வயலுக்கும் செல்லும் தாய்மாரின் பிள்ளைகளுக்கான பகற்பராமரிப்பு நிலையங்களுக்கும் செல்லலாம். மாங்கேணியிலும் ஓட்டமாவடியிலும் அத்தகைய ஒரு நிலையம் அமையுமாயின், அதில் தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் ஒரே அளவிலான தேவை உண்டு. இனம் கேட்டுப் பசி வருவதில்லை. தாய் இல்லாத மாலை நேரமும் அவ்வாறே.

நன்கொடை அரசின் கடமைக்கு மாற்றாகாது. பிரதேச சபை முதல் நாடாளுமன்றம் வரை வாக்குக் கேட்டு வருவோரிடம் வீதியும் மின்சாரமும் கேட்கும் நாம், பிள்ளை வளர்ப்புக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டதுண்டா? ஒஸ்லோவில் எமது உறவினர் அனுபவிக்கும் உரிமைகள் வானிலிருந்து விழுந்தவையல்ல. அந்நாட்டுத் தொழிலாளரும் பெண்களும் பல்லாண்டுகள் கேட்டுப் பெற்றவை. வாகரைத் தாய்மாரும் கேட்கத் தொடங்க வேண்டும்.